சுற்றுலா விசாவில் தாய்லாந்து வேலை: தம்பியை அனுப்பலாமா?

கேள்வி: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80 ஆயிரம் சம்பளம், சுற்றுலா விசாவே போதும் என்று காரைக்குடியில் ஒரு ஏஜென்ட் தம்பியிடம் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: தயவுசெய்து அனுப்பாதீர்கள். சுற்றுலா விசாவில் வேலை பார்ப்பதே அங்கே குற்றம். இப்படிப் போன பலரை பாங்காக்கிலிருந்து எல்லை ஊரான மே சோட் வரை காரில் கொண்டுபோய், ஆற்றைக் கடக்கவைத்து, மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடிக்கிறார்கள். எல்லை தாண்டிய பழியும் பிள்ளை தலையில்தான்.

ஏஜென்ட்டின் உரிம எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். 'பெரிய ஏஜென்ட்டின் ஆள் நான்' என்றால் ஏற்காதீர்கள். சப் ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், ரசீதோடு. வேலை விசா, கம்பெனி பெயர் போட்ட ஒப்பந்தம் இரண்டும் கைக்கு வரும்வரை பணம் கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டவர்களின் குடும்பங்களுக்கு: பாஸ்போர்ட் நகல், கடைசி லொகேஷன், ஏஜென்ட்டுக்கு அனுப்பிய பண விவரம் மூன்றையும் அவர்கள் மாட்டியிருக்கும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கும் சென்னை அயலகத் தமிழர் நலத்துறைக்கும் அனுப்புங்கள். 'விரும்பித்தானே போனான்' என்று யாராவது சொன்னால் தளராதீர்கள். ஏமாற்றிப் பெற்ற சம்மதம் செல்லாது என்கிறது ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்பு நெறிமுறை. இந்தியா 2011இல் அதை ஏற்றிருக்கிறது. புகாரில் 'ஆள்கடத்தல்' என்றே எழுதுங்கள்.