வகிடு, ஹேர்பேண்ட், அரைஞாண்: எக்ஸ்ரே நிலைகள் பற்றிய கேள்விகள்

மாணவர்களும் நோயாளிகளின் வீட்டாரும் கேட்ட கேள்விகளுக்கு, எக்ஸ்ரே அறையில் பல வருடம் வேலை பார்த்த ரேடியோகிராபர் ஒருவரின் பதில்கள்.

முதலாமாண்டு மாணவி: அக்கா, பிஏ, ஏபி இரண்டும் குழம்புகிறது. நெஞ்சு எக்ஸ்ரேவை ஏன் பிஏ-வாக எடுக்கிறோம்?

கதிர் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதுதான் அந்தப் பெயர். முதுகில் நுழைந்து மார்பு வழியாக வந்தால் பிஏ, மார்பில் நுழைந்து முதுகு வழியாக வந்தால் ஏபி.

எக்ஸ்ரே என்பது நிழல். கரண்ட் போன ராத்திரியில் மெழுகுவர்த்திக்கு முன் கையை நீட்டிப் பாருங்கள். கை சுவரை ஒட்டியிருந்தால் நிழல் கையளவே விழும். வர்த்தியை நெருங்க நெருங்கப் பெருத்துக்கொண்டே போகும். இதயம் மார்பின் முன்பக்கம் இருப்பதால், நோயாளி மார்பை டிடெக்டரில் (படம் பதியும் பலகையில்) ஒட்டி நின்றால் அதன் நிழல் உண்மை அளவை ஒட்டியே வரும். கதிர் வரும் டியூபை 180 செ.மீ. தள்ளி வைப்பதும் இதற்காகத்தான். தோள்களை முன்னால் தள்ளச் சொல்வது வேறு காரணத்துக்கு: தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காமல் விலக வேண்டும்.

நோயாளியின் மகன்: ஐசியூவில் படுக்கையிலேயே எடுத்த படத்தில் அப்பாவின் இதயம் பெரிதாகத் தெரிகிறதே?

பதற வேண்டாம். அது பெரும்பாலும் ஏபி படமாக இருக்கும். டியூப் கிட்டே வந்துவிடும், இதயம் டிடெக்டரை விட்டுத் தள்ளியிருக்கும், படுத்த நிலையில் மூச்சும் முழுதாக இழுக்க முடியாது. மூன்றுமே இதயத்தைப் பெரிதாகக் காட்டும். உண்மையிலேயே வீக்கம் இருக்கிறதா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டோ எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்தோ மருத்துவர் சொல்வார்.

மாணவர்: நான் எடுத்த நெஞ்சுப் படம் சரியா என்று எப்படிப் பார்ப்பது, மேடம்?

இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் நடு முதுகெலும்பின் முள்ளிலிருந்து சம தூரத்தில் இருந்தால் உடல் திரும்பவில்லை. உதரவிதானத்துக்கு மேல் பின்பக்க விலா எலும்புகள் 9, 10 எண்ண முடிந்தால் மூச்சு போதும். காது மந்தமான பெரியவர்களிடம் “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டு எடுங்கள். அப்புறம், வலது இடது மார்க்கரை மறக்கவே கூடாது.

ஒரு தாய்: மணிக்கட்டில் அடி. எதற்கு இத்தனை படம்?

ஒரு பேனாவை நுனியிலிருந்து பார்த்தால் புள்ளி, பக்கவாட்டில் பார்த்தால்தான் பேனா. முன்னும் பின்னுமாக விலகிய எலும்பு, நேர்ப்படத்தில் ஒழுங்காக இருப்பது போலவே தெரியும். அதனால் குறுக்காக இன்னொரு படம் கட்டாயம். தோள் மூட்டு பின்பக்கம் நழுவியிருந்தால் ஏபி படம் மட்டும் நம்மை ஏமாற்றிவிடும். தோள்பட்டை எலும்பு Y எழுத்துப் போலத் தெரியும்படி பக்கவாட்டில் எடுக்கும் ஒய் வியூ அல்லது அக்குள் வழிப் படம்தான் காட்டிக்கொடுக்கும்.

கையை ஊன்றி விழுந்தவர்களுக்குக் கட்டைவிரல் அடியில் வலித்தால், மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துத் அங்கிருக்கும் ஸ்கேபாய்டு என்ற சின்ன எலும்புக்குத் தனியாக ஸ்கேபாய்டு வியூ எடுப்போம். அந்தச் சின்ன எலும்பின் விரிசல் முதல் நாள் தெரியாமலும் போகலாம். 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி வரச் சொன்னால் தயவுசெய்து வாருங்கள். கைக்குப் படும் கதிரின் அளவு மிகச் சொற்பம்.

மாணவி: உடலை வெட்டிப் பார்க்கும் தளங்கள், சஜிட்டல், கரோனல், ஆக்ஸியல் நினைவில் நிற்கவில்லையே?

தலையின் நடு வகிட்டைப் பிடித்து உடலை வலது, இடதாகப் பிரித்தால் சஜிட்டல். காதிலிருந்து காதுக்கு ஹேர்பேண்ட் போடும் கோட்டில் முன், பின்னாகப் பிரித்தால் கரோனல். அரைஞாண் கயிறு சுற்றும் கோட்டில் மேல், கீழாக வெட்டினால் ஆக்ஸியல். சி.டி.யின் ஆக்ஸியல் படத்தைக் கால்மாட்டில் நின்று பார்ப்பது போலக் காட்டுவார்கள், அதனால் கல்லீரல் படத்தின் இடப்பக்கம் இருக்கும்.

இரண்டாமாண்டு மாணவர்: குடலில் ஓட்டை என்று சந்தேகம், நோயாளியால் நிற்க முடியவில்லை. என்ன செய்வது?

இடப்பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கசிந்த காற்று மேலேறி, கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே கருப்பாகத் தெரியும். வலப்பக்கம் கீழே போட்டால் இரைப்பைக் காற்று வந்து குழப்பும். காற்று மேலேற 10 நிமிடம் பொறுங்கள். கதிர் கிடைமட்டமாகவே போக வேண்டும். டியூபை மேலே வைத்து நேர் கீழாக எடுத்தால் அந்தக் காற்று கண்ணில் படாது.