தோற்றாலும் ஒரு வசவு லாபம்

கேள்வி: 1990-ல் வந்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' கம்ப்யூட்டர் கேமை இன்னும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்களே! கட்டம் கட்டமான படம், எல்லாப் புதிருக்கும் இணையத்தில் விடை. சின்ன வயதுப் பாசம் தவிர அதில் வேறென்ன இருக்கிறது?

பதில்: வெறும் பாசம் என்றால் அப்போது விளையாடிய எல்லா கேமும் இன்றைக்கும் பிடிக்க வேண்டுமே? பலவற்றை அரை மணி நேரம்கூடத் தாங்க முடியவில்லை.

புதிர்களை விடுவித்துக் கதையை நகர்த்தும் அன்றைய அட்வென்ச்சர் கேம்களில் சாவு சர்வசாதாரணம். சியரா நிறுவனத்தின் 'கிங்ஸ் குவெஸ்ட்' வரிசையில் கால் கொஞ்சம் தவறினால் ஆள் காலி. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஆரம்பத்தில் ஏதோ ஒரு பொருளை எடுக்காமல் விட்டிருப்பீர்கள். பல மணி நேரம் கழித்து, அது இல்லாமல் மேலே போகவும் முடியாது, எடுக்கத் திரும்பவும் முடியாது. கேம் வடிவமைப்பாளர் ரான் கில்பர்ட்டுக்கு இது பொறுக்கவில்லை. இந்த வகை கேம்களின் குறைகளைப் போட்டு உடைத்து 1989-ல் ஒரு கட்டுரையே எழுதினார். அடுத்த வருஷம் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸிலிருந்து மங்கி ஐலண்ட் வந்தது. டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும் அவருடன் சேர்ந்து எழுதினார்கள். இதில் கடற்கொள்ளையன் ஆகத் துடிக்கும் நாயகன் கைபிரஷ் த்ரீப்வுட்டைச் சாகடிக்க நீங்கள் மெனக்கெட வேண்டும். அவனால் 10 நிமிஷம் மூச்சடக்க முடியும். கடலடியில் அவனை நிறுத்திவிட்டு அவ்வளவு நேரமும் சும்மா உட்கார்ந்திருந்தால்தான் சாவான். பயம் போய்விட்டதா, அப்புறம் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கத் துணிச்சல் வந்துவிடும்.

வாள்சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கொள்ளையன் ஆக மூன்று சோதனைகள்; அதில் ஒன்று வாள்வித்தையில் கைதேர்ந்த கார்லாவை ஜெயிப்பது. அதற்கு விரல் வேகம் வேண்டாம், வாய் வேண்டும். எதிராளி ஒரு வசவு விடுவான். சரியான பதிலடி கொடுத்தால் முன்னேறலாம், இல்லாவிட்டால் பின்வாங்க வேண்டியதுதான். பதிலடி தெரியாதா? தீவில் எதிர்ப்படும் கொள்ளையர்களிடம் தோற்றுத் தோற்றுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். "மாட்டுப் பண்ணைக்காரன் மாதிரி சண்டை போடுகிறாய்" என்பான் ஒருவன். "பொருத்தம்தான், நீ மாடு மாதிரி சண்டை போடுகிறாயே" என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு கார்லாவிடம் போனால், அவள் விடும் வசவுகள் எல்லாமே புதுசு. "உன் ரத்தத்தைச் சொட்டு விடாமல் கறந்துவிடுவேன்" என்கிறாள். ஒரு கணம் திகைத்து நிற்பீர்கள். அப்புறம் பளிச்சென்று புரியும்: அந்தப் பழைய மாட்டுப் பதிலே இதற்கும் பொருந்துகிறது! இணையத்தைப் பார்த்து எந்தப் பதில் என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்தப் பளிச்சை அங்கிருந்து எடுக்க முடியாது. கேமின் உயிரே அதில்தான் இருக்கிறது.

எல்லாமே பிரமாதம் என்று சொல்லமாட்டேன். கதையில் மங்கி ஐலண்ட் என்ற தீவுக்குப் போன பிறகு துடுப்புப் போட்டுப் படகை ஓட்டிக்கொண்டு இங்கும் அங்கும் அலைவது இன்றைக்கு அலுப்புத்தான்.

படம்தான் தடை என்றால் 2009-ல் வந்த மறுபதிப்பை வாங்குங்கள். புதிய ஓவியங்கள், குரல் நடிப்பு எல்லாம் உண்டு. கம்ப்யூட்டரில் எஃப்10 விசையைத் தட்டினால் அதே காட்சி பழைய படத்துக்கு மாறும். கதை தொடங்கும் மெலே தீவின் நீல இரவு எனக்கு அந்தப் பழைய படத்தில்தான் பிடிக்கிறது. சிக்கிக்கொண்டால் குறிப்பு கேட்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. கார்லாவை ஜெயிக்கும் வரைக்குமாவது அதையும் தொடாதீர்கள், இணையத்தையும் திறக்காதீர்கள்.