ரெண்டு பாஸ்போர்ட்டோட ஊருக்குப் போகலாமான்னு கேட்ட காரைக்கால் தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டது இதுதானே. அப்பா வழியில நேஷனாலிட்டி கெடச்சு பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் வந்தாச்சு, இந்தியன் பாஸ்போர்ட்லயும் இன்னும் வருஷம் இருக்கு, பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப இந்தியன் பாஸ்போர்ட்டக் காட்டிட்டு, பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்குத் திரும்பறப்ப பிரெஞ்சு பாஸ்போர்ட்டக் காட்டினாப் போதும், எல்லாரும் அப்படித்தான் போறாங்கன்னு வேலை செய்ற எடத்துல சொல்றாங்க, சரியான்னு. சரியில்ல தம்பி. தயவு செஞ்சு அப்படிப் போகாதீங்க.

பிரான்ஸ் பக்கம் ஒரு தடையும் இல்ல, வேற நாட்டு குடியுரிமை வெச்சிருக்கறத இவங்க தடுக்கறதில்ல. இந்தியாவுலதான் ரெட்டைக் குடியுரிமைங்கறதே கெடையாது. அரசியல் சட்டத்துலயும் 9-வது பிரிவு, 1955 குடியுரிமைச் சட்டத்துலயும் 9-வது பிரிவு, ரெண்டும் இதைத்தான் சொல்லுது. வேற நாட்டு பாஸ்போர்ட் எடுத்துட்டீங்கன்னா அதுவே நீங்க அந்த நாட்டுக்காரர் ஆயிட்டதுக்கு ஆதாரம்னு விதியில இருக்கு. அதுக்கப்புறம் இந்தியன் பாஸ்போர்ட்ட கையில வெச்சுக்கிட்டு அதுல பயணம் பண்றது பாஸ்போர்ட் சட்டப்படி குத்தம். மூணு மாசத்துக்கு மேல ஒப்படைக்காம வெச்சிருந்தாலே அபராதம் உண்டு, அதுல பயணம் வேற பண்ணியிருந்தா ஒவ்வொரு பயணத்துக்கும் தனியா போடுவாங்க.

போறப்ப ஒண்ணும் தெரியாது, திரும்பறப்பதான் மாட்டும். சென்னையில ஏர்லைன் கவுண்டர்ல நிக்கறீங்க, பிரான்ஸ் விசா எங்கன்னு கேப்பாங்க, பிரெஞ்சு பாஸ்போர்ட்ட எடுத்து நீட்டுவீங்க, போர்டிங் பாஸ் கெடச்சுடும். அடுத்து இமிக்ரேஷன். அங்க இந்தியன் பாஸ்போர்ட்ட காட்டினா ஆபீசர் ஒவ்வொரு பக்கமா திருப்பிப் பாத்துட்டு, ரெயூனியனுக்குப் போறீங்களே விசா எங்கன்னு கேப்பார். பிரெஞ்சு பாஸ்போர்ட்ட காட்டினா இந்தியாவுக்குள்ள வந்த முத்திரை எங்க, ஓசிஐ, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை இருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்கான கார்டு, எங்கன்னு கேப்பார். ரெண்டுக்கும் பதில் இருக்காது. எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இப்படி ராத்திரி முழுக்க உக்காந்து ஃபிளைட்டையும் விட்டான், கூட வந்த பொண்டாட்டி புள்ளைங்களும் தவிச்சுப் போனாங்க. அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

செய்ய வேண்டியது, ரெயூனியன் தலைநகர் சேந்தெனியில இருக்கற இந்திய கான்சுலேட்ல பாஸ்போர்ட்ட ஒப்படைச்சு சரண்டர் சர்டிபிகேட் வாங்கறது. அவங்க பாஸ்போர்ட்ட கேன்சல் பண்ணி திருப்பிக் குடுப்பாங்க, தூக்கிப் போட்டுடாதீங்க, ஓசிஐக்கு அதோட காப்பி வேணும். ஓசிஐக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணணும், கட்டணம் 275 டாலர், அதுக்கு ஈடா யூரோவுல கட்டணும், கார்டு வர சில வாரம் ஆகும்.

இதுல நம்ம ஊர்க்காரங்களுக்கு பெரிய தலைவலி பேருதான். இந்தியன் பாஸ்போர்ட்ல நம்மள்ல பாதிப் பேருக்கு சர்நேம் கட்டம் காலியா இருக்கும், இல்லன்னா அப்பா பேரு இருக்கும். பிரெஞ்சு பேப்பர்ல நோம் (குடும்பப் பேரு), பிரேநோம் (சொந்தப் பேரு)னு பிரிச்சு தாத்தா காலத்துல பதிஞ்ச குடும்பப் பேர போட்டிருப்பாங்க, அதுவும் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏத்த எழுத்துல. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா வேற வேற ஆளு மாதிரி தெரியும். அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடியே பொறப்புச் சான்றிதழ், ரெண்டு பாஸ்போர்ட், நேஷனாலிட்டி சர்டிபிகேட் எல்லாத்தையும் மேசை மேல பரப்பி எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க. வித்தியாசம் இருந்தா ரெண்டு பேருலயும் இருக்கறது ஒரே ஆள்தான்னு அஃபிடவிட் எழுதி சேத்து வைங்க. ஓசிஐ கார்டுல பேரு பிரெஞ்சு பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியேதான் வரணும்.

எங்க அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு பட்டாளத்துக்காரர், அந்தக் காலத்துல ஒப்சியோன், அதாவது பிரெஞ்சு குடியுரிமையே வேணும்னு தேர்ந்தெடுக்கற உரிமைய, எடுத்து பிரெஞ்சாவே இருந்துட்டவரு, நான் பொறந்ததுலேருந்தே இந்தியக் குடிமகன் கெடையாது. எனக்கு எப்படி ஓசிஐ கெடச்சதுன்னு கேப்பீங்க. 1947 ஆகஸ்ட் 15-க்கு அப்புறம் இந்தியாவோட சேர்ந்த பகுதியச் சேர்ந்தவங்களும் அவங்க புள்ளைங்க பேரப்புள்ளைங்களும் வாங்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. பாண்டிச்சேரி காரைக்கால் மாகே ஏனாம் நாலும் 1954 நவம்பர்ல கைமாறி 1962 ஆகஸ்ட்ல சட்டப்படி சேர்ந்ததுதானே, நமக்குன்னே எழுதி வெச்ச மாதிரி இருக்கு. உங்க அண்ணன் தங்கச்சிங்க யாராவது இந்தியன் பாஸ்போர்ட்டே எடுக்காம இருந்தா இந்த வழியில போகலாம்.

ஆனா ஓசிஐய குடியுரிமைன்னு நெனச்சுடாதீங்க. ஆயுசுக்கும் எத்தனை தடவை வேணா போய் வரலாம், எவ்ளோ நாள் தங்கினாலும் போலீஸ்ல பதிய வேண்டாம், அவ்ளோதான். ஓட்டு கெடையாது, நெலம் நீச்சுன்னு விவசாய பூமி வாங்க முடியாது, வீடு வாங்கலாம். வோட்டர் லிஸ்ட்ல பேர் இருந்தா எடுக்கச் சொல்லிடுங்க.

பொங்கலுக்குள்ள ஓசிஐ வராதுன்னா பதறாதீங்க. சரண்டர மட்டும் முடிச்சுட்டு பிரெஞ்சு பாஸ்போர்ட்ல ஈ-விசா போட்டுப் போயிட்டு வாங்க. மொரீஷியஸ் வழியா போனா அங்க விசா தேவையில்ல, ஆன்லைன் ஃபார்ம் மட்டும் போடணும்.

லண்டன்ல அக்கா வீட்டுக்குப் போறதப் பத்தியும் கேட்டிருந்தீங்க. பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு அங்க விசா வேண்டாம், ஆனா 2025 ஏப்ரல்லேருந்து ஈடிஏ, அதாவது கெளம்பறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல வாங்கற பயண அனுமதி, கட்டாயம். மொதல்ல 10 பவுண்டு இருந்தத அதே மாசம் 16 ஆக்கினாங்க, அப்புறமும் மாறியிருக்கலாம், கட்டறப்ப பாத்துக்கோங்க. ரெண்டு வருஷம் செல்லும், ஆனா எந்த பாஸ்போர்ட் நம்பர்ல வாங்கினீங்களோ அதுக்குத்தான், பாஸ்போர்ட் மாறினா புதுசா வாங்கணும். இதுல உங்கள விட அக்காதான் கவனமா இருக்கணும். அவங்க பிரிட்டிஷும் ஆயிட்டாங்கன்னு சொன்னீங்கல்ல, பிரிட்டிஷ் குடிமக்களுக்கு ஈடிஏ குடுக்கவே மாட்டாங்க. பழைய பழக்கத்துல பிரெஞ்சு பாஸ்போர்ட்ட மட்டும் எடுத்துக்கிட்டு இங்க வந்துட்டுத் திரும்பினா 2026 பிப்ரவரி 25-லேருந்து ஏர்லைன்லயே ஏத்தாம நிறுத்தலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க. இல்லன்னா பிரெஞ்சு பாஸ்போர்ட்டோட சேத்துக் காட்ட, பிரிட்டன்ல இருக்க உரிமை உண்டுங்கற உரிமைச் சான்று வாங்கணும், அதுக்கு 2025-ல 589 பவுண்டு இருந்துச்சு, பாஸ்போர்ட்டே எவ்ளோவோ மலிவு. கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா குடியுரிமை வெச்சிருக்கற சொந்தக்காரங்களுக்கும் இதே கதைதான், சொந்த நாட்டுக்குள்ள போக அந்த நாட்டு பாஸ்போர்ட்தான் வேணும்.

கடைசியா உங்க வீட்டுக்காரம்மா மாசமா இருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம். அவங்க இந்தியன், நீங்க பிரெஞ்சு, பொறக்கற புள்ள உங்க வழியில பிரெஞ்சு. கான்சுலேட்ல பதிஞ்சு இந்தியன் பாஸ்போர்ட்டும் எடுத்துக்கலாமேன்னு யாராவது சொல்வாங்க. அப்படிப் பதியணும்னா புள்ளைக்கு வேற நாட்டு பாஸ்போர்ட் இல்லன்னு பெத்தவங்க எழுதிக் குடுக்கணும். பொய்யா எழுதிக் குடுக்காதீங்க. மேரியில (நகராட்சி ஆபீஸ்ல) பொறப்பு பதிஞ்சு, பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுத்து, அம்மா இந்தியன்ங்கறத வெச்சு புள்ளைக்கும் ஓசிஐ போட்டுடுங்க, அந்த ஃபார்ம்ல நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.