கிணற்றடித் தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோண்டாவிலில் எங்களுக்கு இரண்டு பரப்பு வளவு. வீடும் கிணறும் போக பின்பக்கம் சும்மா கிடக்கிறது. மரக்கறிக்குப் போகிற காசை நினைத்தால் தலை சுற்றுகிறது. கத்தரி, தக்காளி, வெண்டி, பூசணி, கரட், கோவா எல்லாம் வைப்போம் என்று இவர் நிற்கிறார். எதில் தொடங்குவது?
- வாசகி, கோண்டாவில்

பதில்: தங்கச்சி, மண்வெட்டியைத் தொட முன்னம் ஒரு கொப்பி எடுங்கள். ஒரு மாதத்துக்குச் சந்தையில் என்ன வாங்கினீர்கள், எத்தனை தரம் வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் தெரியும், கிலோக் கணக்கில் வாங்குகிற சாமானில் அல்ல, நூறு கிராம், ஒரு பிடி, ஒரு கட்டு என்று அடிக்கடி வாங்குகிற சில்லறைச் சாமானில்தான் காசு தெரியாமல் கரைகிறது. கறிவேப்பிலை, ரம்பை, பச்சை மிளகாய், தேசிக்காய், கீரை, முருங்கை. இவற்றை முதலில் வையுங்கள். கறிவேப்பிலையும் ரம்பையும் ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் பிறகு நீங்கள் அதற்குச் செலவழிக்கப்போவது ஒன்றும் இல்லை. கீரை விதைத்து ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வந்துவிடும். விதை பொடியாக இருக்கும், கொஞ்சம் மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டுப்படாது.

இவர் சொல்கிற கத்தரியும் வையுங்கள், ஆனால் ஆறு கன்று போதும். ஏன் என்று சொல்கிறேன். மழை விட்ட பிறகு மார்கழியில் நடுகிற கத்தரி மாசி, பங்குனியில் காய்த்துத் தள்ளும், அதே நேரத்தில்தான் யாழ்ப்பாணத்தில் மருதனார்மடம், திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைகளிலும் கத்தரி குவிந்து கிடக்கும். உங்கள் வீட்டில் நிறையக் காய்க்கிற நாளில் சந்தையிலும் அது மலிவு. அப்போது முப்பது கன்று வைத்திருந்தாலும் மிச்சப்பட்ட காசு கொஞ்சம்தான், அயலுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிடும். வெண்டியையும் பயிற்றையையும் ஒரே நாளில் விதைக்காமல் மூன்று கிழமைக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பூசணிக்கொடி இடம் முழுவதையும் பிடித்துவிடும், பூசணிக்காய் வாங்கி வைத்தால் நெடுநாள் கிடக்கும், ஆகவே அதை வாங்குவதுதான் லாபம். கரட்டும் கோவாவும் குளிர் கேட்கிற பயிர்கள், முதல் வருடத்தில் தொடவே வேண்டாம்.

உங்கள் பக்கம் செம்மண். நல்ல மண், ஆனால் தண்ணீர் நிற்காது, ஊற்ற ஊற்றக் கீழே போய்விடும். அதற்குப் பசளை வாங்க ஓடாதீர்கள், வேலியைப் பாருங்கள். எங்கள் அம்மா மழைக்கு முன்னம் வேலிப் பூவரசையும் கிளிசரியாவையும் வெட்டி, பாத்தி போடுகிற இடத்தில் ஒரு அடி ஆழத்துக்குக் கான் வெட்டி, குழையை அடுக்கி, காலால் நன்றாக மிதித்து, மேலே மாட்டெருவை விசிறி மண்ணை மூடிவிடுவா. இரண்டு மழை விழுந்த பிறகு அந்த இடத்தில் கையை விட்டால் மண் இளஞ்சூடாக இருக்கும், ஒரு புளித்த மணம் வரும், அந்தச் சூடு அடங்கிய பிறகுதான் கன்று வைப்பா. அவசரப்பட்டு முதல் கிழமையே நட்டால் வேர் வெந்துவிடும். மூன்று நான்கு கிழமை பொறுங்கள்.

தண்ணீர்க் கணக்கையும் மறக்க வேண்டாம். ஒரு குதிரைவலு மோட்டர் நாளுக்கு இருபது நிமிடம் ஓடினால் கால் யூனிட், மாதம் முழுக்க அப்படி ஓடினால் ஏழெட்டு யூனிட். இது சின்னக் கணக்குத்தான், ஆனால் எங்கள் நாட்டு மின்கட்டணத்தில் 60 யூனிட்டைத் தாண்டினால் விலைப்பட்டியலே மாறிவிடுகிறது. நீங்கள் அந்த எல்லையில் நிற்பவர்களாக இருந்தால் மிச்சம் பிடித்த கீரைக்காசு முழுவதும் கரண்ட் பில்லில் போய்விடும். கன்றடியில் காய்ந்த இலையோ வைக்கோலோ பரப்பி வையுங்கள், இரண்டு நாளுக்கு ஒரு தரம் ஊற்றினால் போதும். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் வாழையை வையுங்கள், பழைய ஆட்கள் எல்லா வீட்டிலும் கிணற்றடியில் வாழை வைத்தது சும்மா அல்ல.

கேள்வி: நாங்கள் குருநகரில் கடற்கரைப் பக்கம். முற்றம் மூன்று அடிதான், கிணற்றுத் தண்ணீர் உவர். எங்களுக்கும் ஏதாவது வழி உண்டா?
- வாசகர், குருநகர்

பதில்: உண்டு, அண்ணை. ஆனால் அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் முதலில் இலை நுனி கருகும், பிறகு மண்ணின் மேலே வெள்ளையாகப் பூக்கும், அதுதான் உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடியுங்கள். கூரை 40 சதுர மீற்றர் என்றால் 25 மில்லிமீற்றர் மழைக்கு 1000 லீற்றர் வரை இறங்கும், ஒரு நல்ல மழைக்கு அவ்வளவு. பீப்பாவை வலையால் இறுக்கி மூடுங்கள், மாரி காலம் டெங்கு நுளம்புக்கும் காலம். அரிசி கழுவிய தண்ணீர், மரக்கறி கழுவிய தண்ணீர் ஊற்றலாம், மீன் கழுவிய தண்ணீர் உப்பில்லாததாக இருந்தால் நல்லது, கருவாடு ஊறவைத்த தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

சாடி வாங்காதீர்கள். பழைய அரிசிப் பை, உடைந்த வாளி, எண்ணெய்க் கான் எல்லாம் போதும், அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம். ஓட்டை இல்லையென்றால் உப்பு வெளியேற வழியில்லை. அடியில் தும்பு, மேலே மண்ணும் எருவும் பாதிப் பாதி. போஞ்சி உப்புத் தண்ணீரைத் தாங்காது, பீட்ரூட் நன்றாகத் தாங்கும். வல்லாரையும் பொன்னாங்காணியும் பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் அகலமான தட்டில் வளர்க்கலாம், ஒரு வறைக்கும் ஒரு சம்பலுக்கும் கிழமையில் இரண்டு நாள் வரும். மழை அடித்துப் பெய்கிற நாளில் பைகளை உள்ளே தூக்காதீர்கள், நனையட்டும், அந்த மழைதான் வருடத்துக்கு ஒரு தரம் உப்பைக் கழுவித் தருகிறது.

கேள்வி: மிளகாய்க் கன்றுகள் வளராமல் நிற்கின்றன. இரண்டு பிடி யூரியா போட்டால் சரியா?
- வாசகி, இணுவில்

பதில்: வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, எங்கள் குடிதண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற மழைத் தண்ணீர்தான். அந்தக் கல் முழுக்க வெடிப்பும் ஓட்டையும். பயிர் குடித்த மிச்ச யூரியா நைத்திரேற்றாக மாறி மழையோடு நேரே கிணற்றுக்குள் இறங்குகிறது, குடாநாட்டில் பல கிணறுகளில் அது குடிக்கிற அளவுக்கு மேலே போய்விட்டது. பால்மா கரைத்துக் குடிக்கிற கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீர் ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் பிள்ளை நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும். உங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் மிளகாய்ப் பாத்திக்கும் இடையில் எத்தனை அடி இருக்கப்போகிறது?

கன்று நிற்பதற்குக் காரணத்தைப் பாருங்கள். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது எங்கள் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்காத குறை, யூரியா போட்டு அது தீராது, மக்கிய எருவும் குழையும்தான் மெல்ல மெல்லச் சரிசெய்யும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினபோது தோட்டக்காரர் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம், ஏக்கர் கணக்கில் செய்கிறவருக்குப் பசளை இல்லாமல் முடியாது, அவர்களைக் குறை சொல்லவில்லை. பத்துக் கன்றுக்கு ஒரு கடகம் எரு போதும் என்பதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: மிளகாய் இலை சுருண்டு போகிறது. எல்லோரும் சுருட்டல் நோய் என்கிறார்கள். என்ன அடிக்க?
- வாசகர், நெல்லியடி

பதில்: எந்தப் பக்கம் சுருள்கிறது என்று முதலில் பாருங்கள் ஐயா. இலை ஓரம் மேல்நோக்கித் தோணி மாதிரி மடிந்தால் பனிப்பூச்சி. கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டுபோனால் சிற்றுண்ணி. இலை சிறுத்து, மஞ்சளாகி, நுனியில் கொத்தாகக் கூடி நின்றால் வெள்ளை ஈ காவி வந்த வைரசு, அந்தக் கன்றை இரக்கம் பார்க்காமல் பிடுங்கி எரித்துவிடுங்கள், மருந்து கிடையாது. முதல் இரண்டுக்கும் ஒரு லீற்றர் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரத்தைக் கரைத்து, அதில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய் விட்டு நன்றாக அடித்துக் கலக்குங்கள். சவர்க்காரம் இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். பின்னேரம், இலையின் கீழ்ப்பக்கம் நனையத் தெளியுங்கள், கிழமைக்கு ஒரு தரம். பூச்சிகள் இருப்பது கீழ்ப்பக்கத்தில்தான், மேலே எவ்வளவு தெளித்தும் பயன் இல்லை.

கேள்வி: பாவற்காய் பிஞ்சிலேயே மஞ்சளாகி அழுகுகிறது. வெட்டினால் புழு.
- வாசகி, கொடிகாமம்

பதில்: பழ ஈ. பூ வாடி, பிஞ்சு சுண்டுவிரல் அளவு வந்த உடனே பழைய பேப்பரில் கூம்பு சுற்றிக் கட்டிவிடுங்கள், ஈ முட்டை போட வழி இருக்காது. விழுந்த காயைக் குப்பைக் குழியில் போடாதீர்கள், பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள்.

கேள்வி: பப்பாசி பூத்துக் கொட்டுகிறது, காயே இல்லை.
- வாசகர், சாவகச்சேரி

பதில்: நீளக் காம்பில் தொங்குகிற பூ என்றால் அது ஆண் மரம். ஒரு குழியில் மூன்று கன்று வைத்து, பூத்த பிறகு ஆணைத் தறித்துவிடுவதுதான் வழக்கம். மேடாக வையுங்கள், தண்ணீர் தேங்கினால் பப்பாசி வேர் சீக்கிரம் அழுகிவிடும்.

கேள்வி: முருங்கை இலையாகத் தள்ளுகிறது, காய் இல்லை. மழைக்குப் பிறகு மரம் முழுக்க மயிர்க்கொட்டி வேறு.
- வாசகி, மானிப்பாய்

பதில்: மரம் நிற்பது கிணற்றடியிலா அக்கா? அப்படியென்றால் தண்ணீர் கூடிவிட்டது, முருங்கை கொஞ்சம் காய்ந்தால்தான் பூக்கும். வாய்க்காலைத் திருப்பிவிடுங்கள். மயிர்க்கொட்டி கூட்டமாக அடிமரத்தில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும், அப்போது தென்னோலைச் சூள் கொளுத்தி ஓட்டமாகக் காட்டினால் போதும், பட்டை வேகுமளவுக்குப் பிடிக்காதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2022இல் சாடி, வலை, ஒட்டுக்கன்று என்று நிறையச் செலவழித்தேன். ஒட்டுத் தேசி என்று ஒரு கடையில் தந்தது மூன்று வருடமாகியும் முள் மட்டும்தான். உண்மையில் வீட்டுத்தோட்டத்தில் மிச்சம் வருமா?
- வாசகர், உரும்பிராய்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். 2022 ஜூனில் வீட்டில் பயிர் செய்யவென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கூடக் கொடுத்தார்கள், சாப்பாடு தட்டுப்படும் என்ற பயத்தில் உங்களைப் போல எத்தனையோ பேர் கடைக்கு ஓடினார்கள். மிச்சம் வரும். ஆனால் முதல் வருடத்தில் சாடிக்கும் வலைக்கும் போட்ட காசைக் கீரையும் மிளகாயும் திருப்பித் தர நெடுநாள் எடுக்கும். என் கொப்பியில் கணக்கு லாபத்துக்கு வந்தது காசு கொடுத்து வாங்குவதை நிறுத்திய வருடத்திலிருந்துதான்.

உங்கள் தேசியில் ஒட்டின இடத்துக்குக் கீழே இருந்து வளர்ந்த கிளைதான் இப்போது மரமாகி நிற்கிறது என்று நினைக்கிறேன். அடித்தண்டில் ஒரு முடிச்சு மாதிரி தடிப்பு இருக்கும், அதற்கு மேலே ஒரு கிளையாவது உயிரோடு இருந்தால் கீழே உள்ளதை எல்லாம் ஒட்ட வெட்டுங்கள். இல்லாவிட்டால் தோண்டி எறிந்துவிட்டு, அயலில் நன்றாகக் காய்க்கிற தேசியில் பதியம் போடுங்கள். பென்சில் தடிப்புக் கிளையில் ஒரு அங்குலம் பட்டையை வளையமாக உரித்து, ஈரத் தும்பும் எருவும் வைத்து, பொலித்தீனால் இறுக்கிக் கட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் உள்ளே வெள்ளை வேர் தெரியும். செலவு ஒரு துண்டுப் பொலித்தீன்.

கேள்வி: விதை ஒவ்வொரு வருடமும் கடையில்தான் வாங்க வேண்டுமா?
- வாசகி, கோப்பாய்

பதில்: வேண்டாம். எஃப் 1 என்று பைக்கற்றில் போட்டிருக்கிற கலப்பின விதையிலிருந்து எடுத்தால் தாய் மாதிரி வராது, அதை விடுங்கள். ஊர்க் கத்தரி, பயிற்றை, வெண்டி, கீரை எல்லாம் எடுத்து வைக்கலாம். பலர் செய்கிற பிழை ஒன்று, நல்ல காய்களைக் கறிக்கு வெட்டிவிட்டு கடைசியில் மிஞ்சின கோணல் காயை விதைக்கு விடுவது. நோயில்லாத கன்றில் முதல் இரண்டாம் பிடியில் வந்த நல்ல காயை நூல் கட்டி விட்டுவிடுங்கள். கத்தரி மஞ்சளாகிக் கன்றிலேயே பழுக்க வேண்டும், பயிற்றை காய்ந்து கையில் எடுத்தால் சலசலக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலோடு கலந்து, மூடி இறுகின போத்தலில் போட்டு, எடுத்த மாதத்தை ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள்.