சர்வரிடம் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. வேர்க்கடலை, முந்திரி, எள், பால் நான்குமே அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. சென்ற ஆண்டு ஒரு கல்யாணப் பந்தியில் குருமா தொட்டு ஒரு வாய்தான் சாப்பிட்டான். உதடு வீங்கி, வாந்தி எடுத்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் காப்பாற்றினோம். இந்த மே மாதம் மாமனார், மாமியாருடன் காரில் மதுரை, இராமேஸ்வரம், கன்னியாகுமரி போவதாக இருக்கிறோம். ‘ஓட்டலில் கேட்டுச் சாப்பிட்டால் போயிற்று’ என்கிறார் கணவர். ‘சாமி பிரசாதம் ஒரு வாய் தின்றால் ஒன்றும் ஆகாது’ என்கிறார் மாமியார். எனக்கோ மின்சாரக் குக்கரைக் கட்டிக்கொண்டு கிளம்பலாமா, பயணத்தையே விட்டுவிடலாமா என்றிருக்கிறது. மதுரையில் மற்றவர்கள் ஜிகர்தண்டா குடிக்கும்போது இவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது வேறு கவலை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, போய்விட்டு வாருங்கள். குக்கரும் கூடவே வரட்டும். அறையில் சமைக்க எல்லா விடுதியிலும் விடமாட்டார்கள் என்பதால் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ராத்திரிச் சாப்பாடு உங்கள் கையால், காலையும் மதியமும் வெளியில் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கும் அது விடுமுறையாக இருக்கும்.

ஆனால் கிளம்புவதற்கு முன் ஒன்று. கடுமையான ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியை மருத்துவர் எழுதித் தந்திருக்கிறாரா என்று கடிதத்தில் இல்லை. தரவில்லை என்றால் அவரைப் பார்க்காமல் ஊரைத் தாண்டாதீர்கள். மூச்சு வரை போன குழந்தை இவன். தொடையில் வைத்து அழுத்தினால் மருந்து இறங்கும் பேனா வெளிநாடுகளில் சாதாரணம். நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்காது. பெரும்பாலும் ஆம்பியூல் என்கிற சின்னக் கண்ணாடிக் குப்பி மருந்தும் சிரிஞ்சும்தான் எழுதித் தருவார்கள். அளவு பையனின் எடையைப் பொறுத்தது. அதை மருத்துவர் கையால் ஒரு தாளில் எழுதி வாங்கி, அவர் முன்னாலேயே நீங்களும் கணவரும் வெறும் தண்ணீரை வைத்து ஊசியில் ஏற்றிப் பழகுங்கள். முதல் ஊசிக்குப் பிறகும் அடங்காவிட்டால் 5 முதல் 15 நிமிடத்துக்குள் இன்னொன்று தேவைப்படலாம். ஆகவே இரண்டு தடவைக்கான மருந்து வேண்டும். வெயிலும் வெளிச்சமும் இந்த மருந்தைக் கெடுக்கும். மே மாதத்தில் நிறுத்தி வைத்த காருக்குள் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இனி கணவர் சொல்லும் யோசனைக்கு வருகிறேன். கேட்டுச் சாப்பிடுவது சரிதான். யாரிடம் கேட்பது, என்ன கேட்பது என்பதில்தான் கோளாறு. சர்வர் ஒரே நேரத்தில் ஆறு மேசையைப் பார்க்கிறவர். ‘சட்னியில் வேர்க்கடலை உண்டா?’ என்றால், ‘அதெல்லாம் இல்லை சார்’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. விடியற்காலையில் அரைத்தவர் என்ன போட்டார் என்று அவருக்குத் தெரியாது, உங்கள் மனம் கோணக் கூடாது என்பது மட்டும் தெரியும். தேங்காய் விலை ஏறும் நாட்களில் சட்னியில் வேறு சரக்கு கூடும் என்பது அடுப்படிக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

கூட்டம் வருவதற்கு முன் போங்கள். மதியம் என்றால் பதினொன்றரை மணிக்கு. சூபர்வைசரிடம் சொல்லி மாஸ்டரைப் பாருங்கள். உண்டா, இல்லையா என்று கேட்காதீர்கள். ‘எந்த எண்ணெயில் தாளிக்கிறீர்கள்? இந்தக் கரண்டி வேறு எந்தப் பாத்திரத்துக்குப் போகும்? குருமாவுக்கு என்ன அரைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் தன் கைப்பக்குவத்தைச் சொல்லத் தயங்கமாட்டார். முந்திரி, கசகசா என்று அவரே வரிசையாகச் சொல்லிவிடுவார். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள், காப்பி மட்டும் குடித்துவிட்டாவது.

ஒரு சீட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘அலர்ஜி’ என்று மட்டும் எழுதினால் அரிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். ‘இந்த நான்கில் ஒரு துளி பட்டாலும் குழந்தைக்கு மூச்சு அடைத்துவிடும்’ என்று எழுதுங்கள். இன்றைக்குப் பல ஓட்டல் அடுப்படிகளில் நிற்கிறவர்கள் வட மாநிலத்துப் பிள்ளைகள். எனவே மூங்ஃபலி, காஜூ, தில், தூத் என்று அதையே இந்தி தெரிந்த யாரையாவது கொண்டு கீழே எழுதி வாங்குங்கள்.

அடுத்து தோசைக்கல். ஓட்டலில் ஐந்து நிமிடம் நின்று அதைப் பாருங்கள். நெய் ரோஸ்ட் எடுத்த இடத்தில் தண்ணீர் தெளித்து, சின்னத் துடைப்பத்தால் ஒரு இழு இழுத்து, அதன் மேலேயே பொடி தோசை ஊற்றுகிறார். மறுபடி அதே துடைப்பம், அடுத்து உங்கள் மகனுக்கான சாதா தோசை. அவன் தோசையில் ஒரு துளி நெய் ஊற்றவில்லை என்பது உண்மை. ஆனால் இட்லிப் பொடியில் எள் இருக்கும், நெய்யில் பால் புரதத்தின் மிச்சம் இருக்கும், இரண்டும் அந்தத் துடைப்பத்தில் இருக்கின்றன. ஓட்டல் தோசை அவனுக்கு வேண்டாம். வடை, பஜ்ஜி பொரிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் இதே கதைதான்.

எண்ணெய் விஷயத்தில் பலரும் குழம்புகிறார்கள். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. செக்கில் ஆட்டியதில் இருக்கும். ‘நாங்கள் மரச்செக்கு எண்ணெய்தான் ஊற்றுகிறோம்’ என்று பலகை மாட்டிய கடை மற்றவர்களுக்கு நல்ல கடை. உங்களுக்கு அதுதான் ஆபத்தான கடை. நல்லெண்ணெயைச் சுத்திகரித்து விற்பது அபூர்வம் என்பதால் எள் ஆகாதவனுக்கு அது எந்த உருவத்திலும் கூடாது.

அப்படியானால் என்னதான் சாப்பிடுவான்? இட்லி. தட்டில் எண்ணெய் தடவாமல் துணி போட்டு அவிக்கும் கடையாகப் பாருங்கள். மதுரையில் அதற்குப் பஞ்சமில்லை. சட்னி, சாம்பார் எதுவும் வாங்காமல், எள் சேர்க்காமல் நீங்கள் வீட்டில் இடித்த பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கொடுங்கள். மதியம் வெறும் சோறு. ரசத்தை எதில் தாளித்தார்கள் என்று மாஸ்டர் சொல்வதைப் பொறுத்து அதுவும் சேரலாம். சாப்பாட்டுப் பந்தியில் உங்களில் ஒருவர் பையனின் இலைக்குக் காவல் இருக்க வேண்டும். பருப்பு விழுந்த மறுநொடி நெய்க் கிண்ணத்தோடு ஒருவர் வருவார், கேட்கவே மாட்டார், ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார். உபசாரம் என்ற பெயரில் நம் ஊரில் நடக்கும் இந்த வேகத்தை இலை மேல் கையை வைத்துத்தான் நிறுத்த முடியும். வழியில் பசித்தால் நுங்கு, இளநீர், வாழைப்பழம். ஒரே பொருள், வேறு யார் கையும் கலக்காதது.

பாக்கெட் தின்பண்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிகளின்படி பால், வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள் இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையாக அச்சிட்டாக வேண்டும். அந்தக் கட்டாயப் பட்டியலில் எள் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரியிலிருந்து எள்ளும் சேர்ந்துவிட்டது, இங்கே இன்னும் வரவில்லை. பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள பெரிய ஓட்டல்கள் மெனுவில் ஒவ்வாமை விவரம் தர வேண்டும் என்ற விதி வந்திருந்தாலும் எள்ளுக்கு அதை நம்ப முடியாது. எச்சரிக்கை வரியோடு நிறுத்தாமல் சேர்மானப் பட்டியல் முழுவதையும் படியுங்கள்.

கோயில். புளியோதரையில் வேர்க்கடலையும் நல்லெண்ணெயும், சர்க்கரைப் பொங்கலில் நெய்யும் முந்திரியும். பையன் இரு கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தாத்தாவிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவட்டும். அதில் சாமி குற்றம் எதுவும் இல்லை. மாமியாரிடம் வாதாடாதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் அவரையும் அழைத்துப் போங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது டாக்டர் சொன்னால் ஏறும். இராமேஸ்வரத்தில் 22 தீர்த்தங்களிலும் நீராடும்போது எல்லோரும் ஈரத் துணியோடு ஓடிக்கொண்டிருப்பீர்கள், பை எங்கோ இருக்கும். மருந்துப் பையோடு ஒரு பெரியவர் நனையாமல் கூடவே வர வேண்டும். மீனாட்சி அம்மன் கோயிலில் கைபேசிக்கு அனுமதி இல்லை. மருந்துப் பையைச் சோதனையில் தடுக்காதிருக்க மருத்துவர் கடிதம் மேலாகவே இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது பட்டுவிட்டால், மூச்சுத் திணறல், குரல் கம்மல், தள்ளாட்டம், அல்லது உடம்பில் தடிப்போடு வாந்தி தெரிந்தால் முதலில் ஊசி, வெளிப்பக்கத் தொடையில். அரிப்பு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அது மூச்சைத் திறக்காது. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் உட்காரட்டும், நடக்க மட்டும் விடாதீர்கள். 108க்கு அழையுங்கள். தெளிந்துவிட்டான் என்று திரும்பிவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும் என்பதால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள்.

ஜிகர்தண்டா அவனுக்கு முழுக்க முழுக்கப் பால். பக்கத்திலேயே சர்பத் மட்டும் விற்கும் தள்ளுவண்டியைத் தேடுங்கள். பால் சர்பத் போடாத வண்டியாக இருக்க வேண்டும். நன்னாரி, எலுமிச்சை, தண்ணீர், உங்கள் வீட்டுத் தம்ளர். மற்றவர்களையும் அன்றைக்கு அதையே குடிக்கச் சொல்லுங்கள். கணவருக்கு ஜிகர்தண்டா குடித்தே ஆக வேண்டும் என்றால் பையன் தூங்கிய பிறகு போய்வரட்டும்.