தண்ணீர் குடிக்காதே – கடிதம்

அன்புள்ள அக்கா,

என் மகள் ஏழாம் வகுப்பு. தஞ்சாவூரில் பள்ளி. மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருந்த ஊட்டி டூர் வருகிற திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாக இருந்தது. நேற்று இரவு வகுப்பு குரூப்பில் செய்தி: நீலகிரிக்கு ரெட் அலர்ட், மலை ரயிலும் ரத்து, அதனால் மைசூர். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கே பஸ், சத்தியமங்கலம் வழி. புதன் இரவு திரும்புவார்கள். தங்கும் இடம் பிறகு சொல்வார்களாம். புதிய அட்டவணையை இணைத்திருக்கிறேன்.

குரூப்பில் ஒரே சண்டை. பாதிப் பேர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். தெர்மல், கையுறை எல்லாம் வாங்கியது வீண். சாப்பாடு எப்படி இருக்குமோ தெரியவில்லை. இவள் மலை ரயில் போச்சே என்று சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். இரவுப் பயணம் என்பதால், "ஞாயித்துக்கிழமை மத்தியானத்துலேர்ந்தே தண்ணி கம்மியா குடி, வழியில பாத்ரூம் கஷ்டம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இத்தனை குழப்பத்தில் அனுப்பலாமா, வேண்டாமா?

கா.

அன்புள்ள கா,

அனுப்புங்கள்.

ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை கொட்டக்கூடும் என்றால்தான் பொதுவாகச் சிவப்பு எச்சரிக்கை கொடுப்பார்கள். அந்த மழையில் குன்னூர் சாலையில் மண் சரியும், கல்லாறுக்கு மேலே தண்டவாளத்தில் பாறை விழும். முன்கூட்டியே பார்த்து மாற்றிய பள்ளியை குரூப்பில் திட்டுகிறவர்கள், பிள்ளைகள் மேட்டுப்பாளையத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பணக் கணக்கைத் திரும்பி வந்தபிறகு கேளுங்கள். ஊட்டி விடுதிக்குக் கொடுத்த அட்வான்ஸ் வருமா வராதா என்று இன்றைக்குப் பள்ளிக்கே தெரிந்திருக்காது. தெர்மல் அடுத்த வருஷமும் தெர்மல்தான். மைசூருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். மைசூரில் சாப்பாட்டுக்குக் கவலைப்படுவதை விட்டுவிடுங்கள். மலை ரயிலுக்காக அவள் ஒருநாள் அழட்டும். "மைசூர் இதைவிட நல்லாருக்கும்டி" என்று உடனே சமாதானம் பேச உட்காராதீர்கள். ஆசைப்பட்டது கிடைக்கவில்லை என்று அழுகிற குழந்தைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாலே போதும்.

நீங்கள் கேள்வியாகக்கூட நினைக்காமல் போகிற போக்கில் எழுதிய அந்தத் தண்ணீர் வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது. பெண்பிள்ளைகளை டூர் அனுப்புவதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்த விஷயமே அதுதான். ஏம்மா, பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் அரை நாளைக்கு முன்பிருந்தே தண்ணீர் குடிக்காதே என்று சொல்வீர்களா? அவள் சொன்னதைக் கேட்கிற பிள்ளையாக இருந்தால் இன்னும் ஆபத்து. ஞாயிறு மத்தியானம் நிறுத்தினால் மைசூரில் இறங்கித்தான் குடிப்பாள். அதற்குள் இருபது மணி நேரம் ஓடிவிடும்.

கம்மியாகக் குடித்தால் கம்மியாகப் போகும் என்ற கணக்கு பாதிதான் சரி. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து, மஞ்சள் கூடி, சிறுநீர்ப்பையின் உள்சுவரை உறுத்தும். அளவு கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் அவசரம் அடிக்கடி வரும். அந்த வயதில் பை ஏறக்குறைய 400 மில்லி கொள்ளும். ஒழுங்காகக் குடிக்கிற பிள்ளையால் மூன்று மணி நேரம் சிரமமில்லாமல் உட்கார முடியும். குடிக்காமல் அடக்குகிற பிள்ளை அதற்கு முன்பே நெளியும். பெண்பிள்ளைகளுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு, கிருமி சுலபமாக ஏறும். அடிக்கடி சிறுநீர் கழித்தால் அது அடித்துக்கொண்டு போய்விடும், அடக்கி வைத்தால் உள்ளேயே தங்கிப் பெருகும். டூர் முடிந்து இரண்டாம் நாள் எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று வருகிற பிள்ளைக்கு "வெளித் தண்ணி ஒத்துக்கல" என்று வீட்டில் சொல்வார்கள். பல நேரம் குடிக்காத தண்ணீர்தான் காரணம். தலைவலியும் மலச்சிக்கலும் கூடவே வரும். மலைப்பாதையில் வாந்தி எடுத்தால் ஏற்கெனவே வறண்ட உடம்பு இன்னும் துவண்டுவிடும்.

எனவே ஞாயிறு முழுக்க வழக்கம்போல் குடிக்கட்டும். ஏழரைக்குச் சாப்பாடு, அதோடு ஒரு டம்ளர். கிளம்பும்முன் வீட்டிலேயே ஒருமுறை போய்விட்டு வரட்டும். பஸ்ஸில் தூங்கும் நேரத்தில் எழுப்பிக் கொடுக்க வேண்டாம், விழித்தால் நாலு மடக்கு. காலையிலிருந்து மணிக்கு ஒரு டம்ளர், 150 மில்லி அளவுக்கு. மொத்தமாக அரை லிட்டரைக் கவிழ்த்துக்கொண்டால்தான் அரை மணியில் ஓட வேண்டியிருக்கும். நிறத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள்: வெளிர் மஞ்சள் சரி, கடும் டீ நிறம் என்றால் உடனே ஒரு டம்ளர். ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு வையுங்கள். ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று அதன்மேல் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். 200 மில்லிக்கும் ஒரு லிட்டருக்கும் தனித்தனியாக வருகிறது. மாற்றிக் கலந்தால் குடிக்கவே முடியாது, இல்லாவிட்டால் பலனிருக்காது.

கழிப்பறைக்கு எங்கே போவாள் என்றுதானே கேட்கிறீர்கள்? அதைக் கேட்க வேண்டியது பள்ளியிடம். ஒரு பஸ்ஸில் 24 பெண்பிள்ளைகள் என்று வையுங்கள். பெட்ரோல் பங்கில் இரண்டு கழிப்பறை. ஒருத்திக்கு மூன்று நிமிஷம் என்றாலும் 36 நிமிஷம் ஆகும். பஸ்ஸை நிறுத்துவதோ பதினைந்து நிமிஷம். பத்துப் பேர் போய்வருவதற்குள் டிரைவர் ஹாரன் அடிப்பார். மிச்சம் பதினாலு பேர் "எனக்கு வரல மிஸ்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்காருவார்கள். ஆசிரியையும் நம்புவார், ஏனென்றால் அவரும் போகவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இது நடக்கும், வரிசையில் கடைசியில் நிற்பது பெரும்பாலும் அதே பிள்ளைகள்.

இப்போது வழி மாறியதும் இதோடு சேர்கிறது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் திம்பம் மலைப்பாதையில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகளுக்குத் தடை. தஞ்சாவூரில் ஒன்பதுக்குக் கிளம்பினால் திருச்சி, கரூர், ஈரோடு வழியாகப் பண்ணாரி சோதனைச் சாவடிக்கு மூன்று மணிவாக்கில் போய்ச் சேரும். ஆறு வரை பிள்ளைகள் சாலையோரம் நிற்கும் பஸ்ஸில்தான். கேட் திறந்தபின் 27 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் காடு. நினைத்த இடத்தில் நிறுத்தி இறங்க முடியாது. இந்த அட்டவணையைப் போட்டவர் வரைபடத்தில் தூரத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார். நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பட்டுமே. பிள்ளைகள் பதினொன்று வரை வீட்டில் தூங்கலாம், பஸ் ஆறு மணிக்குப் பண்ணாரியில் இருக்கும். குரூப்பில் சண்டை போடும் அத்தனை பேரும் பணத்தை விட்டுவிட்டு இந்த ஒன்றைக் கேட்டால் பள்ளி மறுக்காது. பஸ்ஸுக்குக் கர்நாடக பர்மிட் இருக்கிறதா, இரண்டு டிரைவரா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

ஆசிரியைக்கு அனுப்ப, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம் மிஸ். பஸ் எந்தெந்த ஊரில் நிற்கும்? ஒவ்வொரு நிறுத்தமும் பெண்பிள்ளைகளுக்கு 40 நிமிஷம் வேண்டும். நாலைந்து கழிப்பறை உள்ள பெரிய ஹோட்டலாகப் பாருங்கள். முதலில் அவர்கள் இறங்கட்டும். ஒரு மிஸ் வாசலில் நின்று, எல்லோரும் போய்விட்டு வந்தார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். திம்பம் ஏறும் முன் கட்டாயம் ஒரு நிறுத்தம். தங்கும் இடத்தின் பெயரும் போன் நம்பரும் ஞாயிறு காலைக்குள் அனுப்புங்கள்."

பெட்ரோல் பங்கில் கழிப்பறையைப் பூட்டி வைத்துக்கொண்டு சாவி இல்லை என்றால் திரும்பி வராதீர்கள் என்றும் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். காசு வாங்காமல் திறந்துவிட வேண்டியது அவர்கள் கடமை.

பையைத் திரும்ப அடுக்கப்போகிறீர்கள் அல்லவா? விடிகாலைப் பயணத்துக்கு அடுக்கியது இரவுப் பயணத்துக்கு உதவாது. பெரிய பை டிக்கியில் போய்விடும், காலை வரை அதைத் திறக்க மாட்டார்கள். தோளில் மாட்டும் சின்னப் பைதான் முக்கியம். அதில் ரப்பர் செருப்பு. ஷூவும் சாக்ஸுமாக ஈரத் தரையில் போனால் மீதி இரவு நனைந்த காலோடுதான் உட்கார வேண்டும். சின்ன டார்ச், பேப்பர் சோப்பு, கைத்துண்டு. வாந்தி வருகிற பிள்ளையென்றால் டாக்டர் சொன்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று எழுதிய சீட்டோடு. அப்புறம், நீங்கள் எழுதவே கூசிய ஒன்று: நாப்கின் ஆறு, மாற்று உள்ளாடை இரண்டு, சுற்றிப் போடப் பழைய செய்தித்தாள். இன்னும் வயதுக்கு வரவில்லை என்றாலும் வையுங்கள். அவளுக்கு வேண்டாமென்றால் பக்கத்து சீட்டுக்காரிக்கு உதவும். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று வாயால் சொல்லி அனுப்புங்கள்.

உடை எலாஸ்டிக் வைத்த பேண்ட், மேலே தளர்வான டாப். டூருக்கென்று ஜம்ப்சூட் வாங்கியிருந்தால் அது பீரோவிலேயே இருக்கட்டும். தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு கழிப்பறையில், முதுகு ஜிப்பை இறக்கி, மேல்பாதியை ஈரத் தரையில் படாமல் ஒரு கையில் சுருட்டிப் பிடித்து, இன்னொரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார வேண்டும். தண்ணீரை மொள்ள மூன்றாவது கை கிடையாது. அப்படி ஒருமுறை பட்டுவிட்டால் நீங்கள் சொல்லாமலேயே தண்ணீரை நிறுத்திவிடுவாள். ஒரு தோழியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும், இவளும் அவளுக்கு நிற்க வேண்டும். இதை இரண்டு வீட்டிலும் பேசி வையுங்கள்.

அட்டவணையைப் பார்த்தேன். செவ்வாய் மத்தியானம் மைசூர் மிருகக்காட்சிசாலை என்று போட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அதற்கு வார விடுமுறை. திங்களுக்கோ புதனுக்கோ மாற்றச் சொல்லுங்கள்.