பழைய சைக்கிளில் மோட்டார்: 24,000 ரூபாய் போடலாமா?

கேள்வி: கோவை சிங்காநல்லூரில் குடியிருக்கிறேன். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை, சம்பளம் 21,000 ரூபாய். போக வர 16 கி.மீ. பைக்குக்கு மாதம் 1,800 ரூபாய் பெட்ரோல் ஆகிறது. வீட்டில் கிடக்கும் சைக்கிளில் மோட்டார், பேட்டரி எல்லாம் மாட்டித்தர 24,000 ரூபாய் கேட்கிறார்கள். ஏற்கெனவே மாட்டியிருக்கும் நண்பர், 13 மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்கிறார். அடுத்த மாதத்திலிருந்து மனைவியும் வேலைக்குப் போகிறார், பைக் அவருக்கு வேண்டும். மச்சானோ, 'லோன் போட்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுங்க மாமா' என்கிறார். கையில் சேமிப்பு 35,000 ரூபாய். எது சரி?

பதில்: உங்கள் நண்பர் 24,000-ஐ 1,800-ஆல் வகுத்திருக்கிறார். வகுத்தது சரிதான், 1,800தான் தப்பு. மாதம் 25 நாள் என்றால் பட்டறைக்குப் போய்வர 400 கி.மீ. பைக் லிட்டருக்கு 45 கி.மீ. கொடுத்தால் 9 லிட்டர், ஏறத்தாழ 900 ரூபாய். மீதிப் பெட்ரோல் மார்க்கெட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் போகிறது. அது சைக்கிள் வந்தாலும் போகும்.

அந்த 900-மும் முழுசாக மிஞ்சாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை நாள் சைக்கிளை எடுப்பீர்கள்? சராசரியாக மாதம் 20 நாள் என்று வையுங்கள். பெட்ரோலில் 720, ஆயில், சர்வீஸ் தேய்மானத்தில் 100, ஆக 820 ரூபாய் மிச்சம்.

இனி செலவு. கரண்ட் ஒரு பொருட்டே இல்லை. கூடவே பெடலும் போட்டால் 16 கி.மீ.க்குக் கால் யூனிட் போதும். மாதம் 5 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் 40 ரூபாய். 'சார்ஜுக்கு ரெண்டு ரூபாதான்' என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வது பொய்யில்லை. அவர் சொல்லாமல் விடுவது பேட்டரியை. 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி உங்கள் 24,000-இல் 11,000 ரூபாயாவது இருக்கும். அது தண்ணீர்த் தொட்டி மாதிரி அல்ல. ஒவ்வொரு முறை நிரப்பிக் காலி செய்யும்போதும் தொட்டியே கொஞ்சம் சுருங்கும். மூன்று வருடம் ஓடினால் நல்லது என்று கணக்கு வைத்தால், மாதம் 300 ரூபாய் பேட்டரிக்கே போகிறது. உங்களுக்கு உண்மையான பெட்ரோல் இதுதான், முன்கூட்டியே மொத்தமாக வாங்குகிறீர்கள், அவ்வளவே. பிரேக் கட்டை, டயர், செயின் என்று இன்னொரு 100.

ஆக, 820-இல் 440 போனால் கையில் நிற்பது 380 ரூபாய். பேட்டரி போக மீதி 13,000-ஐ இந்த வேகத்தில் எடுக்க 34 மாதம் ஆகும். 13 மாதம் எங்கே, 34 மாதம் எங்கே!

பெட்ரோல் கணக்கு மட்டும் என்றால், 'வேண்டாம், பைக்கிலேயே போங்கள்' என்று இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் பைக் மனைவிக்குப் போகிறது என்ற ஒரு வரி கதையை மாற்றிவிடுகிறது. இப்போது நீங்கள் ஒப்பிட வேண்டியது பெட்ரோலோடு அல்ல, இரண்டாவது வண்டியோடு.

மச்சான் சொல்லும் ஸ்கூட்டரைப் பார்ப்போம். 1,10,000 ரூபாய் வண்டிக்கு 20,000 முன்பணம், மீதி 90,000 கடன், 11 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் தவணை மாதம் சுமார் 2,950 ரூபாய். சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு. வட்டி மட்டும் 16,000, இன்ஷூரன்ஸ் தனி. ஸ்கூட்டரில் இரண்டு பேர் போகலாம், விற்றால் காசு வரும், மறுக்கவில்லை. ஆனால் மனைவியின் வேலை நிலைக்குமா என்று தெரியும் முன்பே 36 தவணைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் நிலையில் நான் சைக்கிள் பக்கம்.

சில நிபந்தனைகள் உண்டு. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள் இருந்தால்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எதுவும் தேவைப்படாது. 'கூட ஆயிரம் குடுங்க, 500 வாட் போட்டுத் தர்றேன்' என்பார்கள். வேண்டாம். பதிவில்லாத மோட்டார் வண்டியில் யார் மேலாவது மோதினால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். அந்த ஆயிரத்தை பிரேக்குக்குக் கொடுங்கள். பழைய கம்பி பிரேக் காலால் மிதித்த வேகத்துக்கு வைத்தது. பேட்டரிக்குத் தனி பில், தனி வாரண்டி எழுதி வாங்குங்கள். கழற்றிப் பட்டறைக்குள் எடுத்துப்போகிற மாதிரி இருக்கட்டும், திருடுபோனால் கேட்க நாதியில்லை. அப்புறம், வங்கிக் கணக்கில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா இருக்கிறதா பாருங்கள். வருடம் 20 ரூபாய், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். கோவை ரோட்டில் சைக்கிளில் போகிறவர் இதுகூட இல்லாமல் இருக்கக் கூடாது.

24,000 எடுத்தால் சேமிப்பில் மீதி 11,000, அரை மாதச் சம்பளம். மனைவியின் முதல் இரண்டு சம்பளத்தில் இந்தக் குழியை மூடுங்கள். அது வரைக்கும் வேறு எதுவும் வாங்காதீர்கள். பிறகு மாதம் 300 ரூபாய்க்கு வங்கியில் மூன்று வருட ஆர்.டி. போடுங்கள். அடுத்த பேட்டரிக்கு 10,800 ரூபாயும் வட்டியும் தயாராக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நண்பரின் சைக்கிளை ஒரு வாரம் இரவல் கேளுங்கள். எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு, சாயங்கால நெரிசலில் அதில் வீடு வந்து பாருங்கள். ஆறு நாளும் ஓட்டிவிட்டீர்கள் என்றால் பணத்தை எடுங்கள். மூன்றாம் நாளே பஸ் ஸ்டாப்பில் நின்றீர்கள் என்றால், 24,000 வங்கியிலேயே கிடக்கட்டும்.